அறுபது குதிரையும் ஒரு மாப்பிள்ளையும்

சூரிய பகவானின் தேரில் ஏழு குதிரைதான். எங்கள் சித்தப்பா ஆத்மநாதன் ஓட்டுகிற காரில் அறுபது. இந்த ஒரு கணக்கிலேயே யார் பெரியவர் என்பது தெரிந்துபோகும். இருந்தாலும் சொல்கிறேன். சித்தப்பா காரை எடுத்தால் விராலிமலை மயில்கள் தோகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். திருச்சி போகிற ரயில், அவர் முதலில் போகட்டும் என்று கைகாட்டி மரத்தடியில் காத்திருக்கும். காற்று அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிவரும். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அறுபது குதிரை என்பது மட்டும் சத்தியம். அதைச் சொன்னவர் சித்தப்பா. மற்றதைச் சொன்னது நான்.

சித்தப்பா என் அப்பாவுடன் பிறந்த தம்பி. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய் பர்மா எல்லையில் நான்கு வருஷம் ஜீப் ஓட்டினார். திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, எந்த என்ஜினுக்கு என்ன நோவு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்கிற காது, இந்த மூன்றும் கொண்டுவந்தார். விராலிமலை ரைஸ்மில்லில் என்ஜின் ஓட்டும் வேலை கிடைத்தது. முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. யாராவது பெண் பார்க்கலாமா என்று கேட்டால், மில்லில் பெல்ட் அறுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த பெல்ட் ஒரு வருஷத்தில் பதினோரு முறை அறுந்தது.

நான் அமராவதி. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். மேலே படிக்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டும், பெரியவளாகிவிட்ட பிள்ளையை அனுப்ப முடியாது என்று முடிவாயிற்று. ஆகவே எனக்கு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் பெரும்பகுதியைச் சித்தப்பாவுக்கே செலவழித்தேன். அவர் செருப்புக்குள் ஓணானை விட்டிருக்கிறேன். காபியில் உப்புப் போட்டிருக்கிறேன். அவர் அதை முழுவதும் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் இருக்கா ஆத்தா என்று கேட்டார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் குறும்பு செய்வது. ஆனாலும் விடவில்லை.

போன சித்திரையில் மில் முதலாளி சித்தப்பாவைத் திருமயம் பக்கம் அனுப்பினார். முதலாளிக்குத் தெரிந்த ஒரு செட்டியாரின் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற என்ஜின் மக்கர் செய்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று. போனவர் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா பயந்துபோய் வேப்பிலையை எடுக்கப் போனாள்.

விஷயம் இதுதான். கிணற்றடியில் பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது பம்பு என்ஜின் இல்லை. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு காரின் என்ஜின். சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. மிச்சக் கார் எங்கே என்று கேட்டிருக்கிறார். மிச்சம் எங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்றாராம் தோட்டக்காரச் செட்டியார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்தபோது வீடு, நிலம், கரண்டி, தட்டு என்று எல்லாவற்றையும் சரிபாதியாக வகுத்துவிட்டார்கள். கார் ஒன்றுதான் ஒற்றையாக நின்றது. நீ எடுத்துக்கொள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, விற்றுப் பணத்தைப் பிரிப்போம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அண்ணனுக்கு உடம்பு, தம்பிக்கு என்ஜின் என்று தீர்ப்பானது. அண்ணன் ரோஷக்காரர். திருச்சிக்கு ஆளனுப்பி, பட்டாளத்துக் கழிவு ஏலத்தில் ஒரு ஜீப் என்ஜினை வாங்கி அந்த உடம்புக்குள் வைத்துக் கட்டினார். அதில் ஒரு முறை காரைக்குடிக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஆவி அடித்ததும் இறங்கி, கட்டை வண்டி வைத்து இழுத்துவந்து கொட்டகையில் விட்டவர்தான், நான்கு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சித்தப்பா என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். எழுத்துக் காரியம் ஏதாவது இருந்தால் படித்துச் சொல்ல வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. சித்தப்பா எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்.

மெய்யம்மை ஆச்சிதான் கொட்டகையைத் திறந்துவிட்டார். பெரிய செட்டியாரின் மனைவி. ஒல்லியான உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. பழகியதும், நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மூக்கு மட்டும் நீளமோ நீளம். தலைக்கு மேல் கூரை கிடையாது. இரண்டே இரண்டு இருக்கை. சைக்கிள் சக்கரம்போல் கம்பி வைத்த சக்கரங்கள், முதுகில் ஒன்று உபரியாக. சிவப்புச் சாயம் பாதி உரிந்திருந்தது. புது என்ஜின் அடங்காததால் மூக்கின் மூடியைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்கட்டில்போல் கொச்சக்கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இடதுபக்க இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்து எங்களை முறைத்தது.

சித்தப்பா கயிற்றை விலக்கி உள்ளே பார்த்தார். பிறகு அந்த என்ஜினை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வெளிநாட்டில் ஒன்றாகக் கஷ்டப்பட்டவனை வேறு ஊர்ச் சந்தையில் பார்த்தால் தோளில் தட்டுவார்களே, அப்படி.

ஆச்சி விலையைச் சொன்னார். ஒரு ஜோடி உழவு மாட்டின் விலை அளவுக்குக்கூட வரவில்லை. சித்தப்பா பேரம் பேசவே மறந்துவிட்டார். நான்தான் இடித்தேன்.

"ஆச்சி, மூஞ்சிக்கு மூடி இல்ல, தலைக்குக் கூரை இல்ல, கோழிதான் இருக்கு" என்றேன்.

"கோழியை நான் விக்கலையே ஆத்தா. அது இன்னும் அஞ்சு நாள்ல பொரிக்கும். பொரிச்ச பெறகு வண்டியை எடுத்துக்கிடுங்க."

ஐந்து நாள் என்றதும் சித்தப்பாவின் முகம், பரீட்சையில் பெயில் ஆனவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து, கோழி அசையாமல் அந்த இருக்கையை மட்டும் கழற்றி, கோழியும் முட்டையுமாகத் தூக்கிக் கொட்டகையின் மூலையில் பதமாக வைத்தார். இருக்கையைப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆச்சி சிரித்த சிரிப்பில் விலையில் பத்து ரூபாய் தானாகவே குறைந்தது. பட்டாளத்தில் சேர்த்து வைத்த பணம் அன்றைக்குப் பெட்டியை விட்டு வெளியே வந்தது.

கையோடு கொண்டுபோன பெட்ரோலை ஊற்றி, ஹாண்டிலைப் போட்டு மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தத் தெரு அப்படியொரு சத்தத்தைக் கேட்டிருக்காது. ஓட்டில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. கோழி மட்டும் எழுந்திருக்கவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

நான் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்துகொண்டு வந்தேன். முப்பது மைலுக்கு மேல். தரை என் காலுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் ஓடியது. புளியமரங்கள் வரிசையாக வந்து விழுந்து பின்னால் போயின. புதுக்கோட்டைக் கடைவீதியில் ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னவர், கார் கிட்டே வந்ததும் சல்யூட் அடித்துவிட்டார். நான் பதிலுக்குத் தலையை அசைத்தேன். கூடைமேல் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. சித்தப்பா அன்றைக்கு என்னிடம் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. கியர் என்றால் என்ன, கிளட்ச் என்றால் என்ன, இது எதற்கு இப்படி உறுமுகிறது என்று காற்றுக்கு மேல் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது குதிரை என்பதை அப்போதுதான் சொன்னார்.

எங்கள் ஊர் கொடும்பாளூருக்கு இரண்டு மைல் தள்ளி. ஊருக்குள் நுழைந்ததும் அப்பா உழுதுகொண்டிருந்த மாடுகள் ஏரோடு பிய்த்துக்கொண்டு ஓடின. அப்பா மாட்டைப் பிடிக்கப் போனவர் பொழுதடைந்துதான் திரும்பினார். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அதுவும் பேசவில்லை.

அம்மா வாசலில் நின்று காரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தாள்.

"தம்பி, இதுல நெல்லு மூட்டை ஏத்தலாமா?"

"ஏத்த முடியாது அண்ணி."

"ஆள் எத்தனை ஏறலாம்?"

"ஓட்டுறவனோட ரெண்டு."

"அப்ப இது என்னத்துக்குங்க?"

அதற்குச் சித்தப்பாவிடம் பதில் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு. எங்கள் பக்கம் வசதியானவர்கள் திருச்சியிலிருந்து கார் அமர்த்துகிறார்கள். அந்தக் கார்களுக்கெல்லாம் கூரை உண்டு. மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்தால் மாலைதான் தெரியும், மாப்பிள்ளை தெரியமாட்டான். நம்முடையதில் பின்னால் மெத்தை போட்டு உயரத்தில் உட்காரவைத்தால் நான்கு பக்கமும் தெரிவான், சாமி வாகனத்தில் வருவதுபோல். சித்தப்பா இதைச் சொன்ன அழகில் அம்மாவுக்கே தலை ஆடியது. அவர் மில் வேலையை விட்டுவிட்டார் என்பதைச் சொன்னதும் ஆட்டம் நின்றது.

வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. இரண்டு கல்யாண வீடுகளில் கேட்டுப் பார்த்தார். பாதி வழியில் நின்றுவிட்டால் சகுனக் கேடு, எங்களுக்கு மாட்டு வண்டியே போதும் என்றார்கள். ஆடியில் கல்யாணமே கிடையாது. ஆடி பிறந்த அன்று அம்மா சொல்லிவிட்டாள். ஆவணி முடிவதற்குள் ஒரே ஒரு கல்யாண வீடாவது இந்தக் காரைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் திருச்சி இரும்புக் கடைக்காரன் எடுத்துப் போகட்டும். சித்தப்பா சரி அண்ணி என்றார். மெட்ராஸில் லாரி ஓட்டும் பட்டாளத்துச் சிநேகிதன் ஒருவன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கார் போனால் தானும் அங்கே போய்விடுவதாகச் சொன்னார். மறுநாள் தகரப் பெட்டியின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு வருத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மெட்ராஸுக்குப் போனால் நல்லதுதான், காபிப்பொடி மிச்சம். ஆனால் ஓணானை யார் செருப்பில் விடுவது என்ற கேள்வி இருந்தது. அப்பாவின் செருப்பில் விட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

ஆகவே ஒரு கார்டு வாங்கினேன். இடது கையால் எழுதினேன். ஸ்ரீராமஜெயம் போட்டு, ஆவணி பத்தொன்பதாம் தேதி கொடும்பாளூரில் எங்கள் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குத் தங்கள் திறந்த காரைத் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கவும், தங்கள் காரின் பெருமை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், இப்படிக்கு ரெங்கராஜ் என்று முடித்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். சந்தைக்குப் போனபோது விராலிமலைத் தபால் பெட்டியில் போட்டேன். நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். திட்டம் என்றால் அவ்வளவுதான்.

தபால்காரர் கொண்டுவந்த கார்டைச் சித்தப்பா என்னிடமே கொடுத்தார். நான் எழுதியதை நானே திக்கித் திக்கிப் படித்தேன். கையெழுத்து மோசம் என்று இரண்டு முறை குறை சொன்னேன். சித்தப்பா இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். எழுந்து போனவர் காரின் கீழே படுத்துவிட்டார். அன்று முழுவதும் அவர் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. உரிந்த சாயத்தைச் சுரண்டிவிட்டுப் புதுச் சிவப்பு அடித்தார். ஆச்சி வீட்டுக்குப் போய் இருக்கையை வாங்கிவந்தார். கூடவே ஒன்பது குஞ்சு பொரித்த செய்தியும் வந்தது. மாப்பிள்ளை உட்காரப் பின்பக்கம் பலகை அடித்துப் பஞ்சு வைத்து, அம்மாவின் பழைய பட்டுச்சேலையைக் கேட்டு வாங்கி மேலே போர்த்தினார். அம்மா கொடுத்துவிட்டாள்.

பிறகு ஒத்திகை. ஊர்வலத்தில் கார், நாயனக்காரர் நடக்கிற நடைக்குத்தான் போக வேண்டும். நான் முன்னால் நடந்தேன். கையை வாயில் குவித்து நாயனம் ஊதினேன். சித்தப்பா முதல் கியரில் ஊர்ந்து வந்தார். ஒரு தெரு தாண்டவில்லை, கார் மூக்கிலிருந்து இட்லிக் கொப்பரைபோல் ஆவி வந்தது. மறுபடி, மறுபடி, ஆறு முறை பார்த்தோம். அதே இடம், அதே ஆவி.

சித்தப்பா எனக்கு விளக்கிச் சொன்னார். என்ஜினைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் பழைய சின்ன என்ஜினுக்காகச் செய்தது. இப்போது உள்ளே இருப்பதோ முரட்டு ஜீப் என்ஜின். வேகமாகப் போனால் எதிர்க்காற்று பட்டு ஆறிக்கொள்ளும். ஊர்ந்தால் காற்று இல்லை, கொதித்துவிடும். அறுபது குதிரையை நாயனத்துக்குப் பின்னால் நடக்கச் சொன்னால் அதற்குக் கோபம் வராதா என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாக்கை நனைத்துக் கட்டிப் பார்த்தார், ஒரு தெரு இரண்டு தெரு ஆயிற்று. மூன்றாவது தெருவுக்கு வழி தெரியவில்லை.

அவர் மூன்றாவது தெருவைப் பற்றிக் கவலைப்பட்டார். கல்யாணமே இல்லையே என்று நான் கவலைப்பட்டேன்.

இன்னொரு கார்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கல்யாணம் நின்றுவிட்டது, வர வேண்டாம் என்று. இல்லாத கல்யாணத்தை நடக்கும் என்று எழுதுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணம் நின்றுவிட்டது என்று, பொய்யாகக்கூட எப்படி எழுதுவது. அந்தத் தேதியில் எங்கேயோ ஒருத்தி மஞ்சள் பூசி உட்கார்ந்திருப்பாள். அந்தச் சொல் அவளுக்குப் போய்ப் பலித்துவிட்டால் என்ன செய்வது. கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கல்யாணம் எங்கே என்று யாருக்குத் தெரியும். நாயனக்காரருக்குத் தெரியும். விராலிமலைக்குப் போய் விசாரித்தேன். ஆவணி பத்தொன்பது நல்ல முகூர்த்தம், நான்கு இடத்தில் கேட்டிருக்கிறார்கள், நாங்கள் ஒத்துக்கொண்டது கொடும்பாளூரில் என்றார்கள். பெண் வீடு கொடும்பாளூர், மாப்பிள்ளை பக்கத்துச் சிற்றூரில் முனியாயி என்கிற அம்மாளின் ஒரே மகன். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் சாமியை அப்படிக் கும்பிட்டதில்லை.

முனியாயி அத்தை புருஷனை இழந்தவர். நான்கு ஏக்கர் கடலைக்காட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற கெட்டிக்காரி. நான் போனபோது காட்டில்தான் நின்றார். சொந்த வண்டி இருக்கும்போது காருக்கு வாடகை கொடுக்க எனக்கென்ன கிறுக்கா என்று கேட்டார். நான் பேசினேன். மாட்டு வண்டியில் எல்லா மகனும்தான் போகிறான், உங்கள் மகன் போவதை ஊர் பத்து வருஷம் பேச வேண்டாமா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அரைமணி நேரத்தில் அத்தை தலையாட்டிவிட்டார். எழுதத் தெரியாத அத்தைக்காக உறவுக்காரர் ரெங்கராஜ் கார்டு போட்டார் என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் வாயாலேயே சாதித்தது. என் வாய் அப்படி.

அடுத்த எட்டு நாள் எனக்கு வேறு வேலை இருந்தது. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். என்ன வேலை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

பத்தொன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு, கொடும்பாளூர் எல்லையில் பிள்ளையார் கோயில் முன்னால் கார் நின்றது. செவ்வரளி மாலை சுற்றி, மூக்கில் சந்தனம் வைத்து, சாட்சாத் மாப்பிள்ளைபோல் இருந்தது. உண்மையான மாப்பிள்ளை ஏறுவதற்கு முன் சித்தப்பாவிடம் இது பாயுமா என்று கேட்டான். பாயாது தம்பி, நடக்கும் என்றார் சித்தப்பா. பட்டுப் போர்த்திய பலகைமேல் அவனை ஏற்றி, தோழனை இடதுபக்கம் உட்காரவைத்து, நாயனம் எடுத்தார்கள். அவன் உயரத்தில் எழும்பி உட்கார்ந்ததும் கூட்டத்தில் ஒரு ஓசை எழுந்தது. முனியாயி அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அம்மா ஒரு ஓரமாக நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காருக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். முதல் தெரு தாண்டியது. ஆட்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், இதுவல்லவா அழைப்பு என்றார். சித்தப்பாவின் முதுகு நிமிர்ந்து நிமிர்ந்து இன்னும் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. இரண்டாவது தெருவில் நாயனக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நின்று, சுழற்றிச் சுழற்றி வாசிக்கத் தொடங்கினார். அவர் நின்றால் கார் நின்றது. வெயில் முகத்தில் அடித்தது. சாக்கு காய்ந்துவிட்டது.

இரண்டாவது தெரு முடியும் இடத்தில் ஆவி வந்தது. முதலில் நூலாக, பிறகு புகையாக. என் குடத்துத் தண்ணீரை முழுவதும் சாக்கின் மேல் ஊற்றினேன். சுர்ரென்று குடித்துவிட்டு மறுபடி புகைந்தது. நாயனம் நின்றது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளையை இறக்கி நடக்கவைப்போமா என்று மெதுவாகக் கேட்டார். அதைக் கேட்டு முனியாயி அத்தையின் முகம் கறுத்தது. சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை விடவில்லை. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குத் தகரப் பெட்டி எண்ணெய் வாசம் வந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் குடத்தோடு வெளியே வந்தார். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீர். கரகம் வரும்போது எடுத்து வருபவர் காலில் வீட்டுக்கு வீடு ஊற்றுவோமே, அதே தண்ணீர். நான் ஊற்றியதைப் பார்த்துவிட்டு இந்தக் காருக்கு இதுதான் முறை என்று நினைத்துவிட்டார். நேரே வந்து காரின் மூக்கில் ஊற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்குமா. அவளும் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

சித்தப்பா துள்ளி இறங்கினார். தன் தோள் துண்டை எடுத்து என்ஜின் மேல் போர்த்திவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, தாயே, மூஞ்சியில மட்டும் ஊத்துங்க. உள்ள ஊத்தாதீங்க. சூட்டுல பச்சத்தண்ணி பட்டா என்ஜின் வெடிச்சிரும்."

"கேட்டுச்சா, உள்ள ஊத்தினா சாமிக்கு ஆகாதாம்" என்று ஒருத்தி பின்னால் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது தெரு முழுவதும் வாசலுக்கு வாசல் குடம். கார் பத்தடி ஊரும், நிற்கும், ஒரு குடம் விழும், மறுபடி ஊரும். நாயனக்காரர் ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு துண்டு வாசித்தார். மேளக்காரர் தீர்மானம் வைத்து அதை முடித்தார். ரேடியேட்டர் முழுவதும் வேப்பிலை ஒட்டிக்கொண்டு கார் மாரியம்மன் மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பயம் போய், உயரத்திலிருந்து கும்பிட்டுக்கொண்டே வந்தான். பெண் வீட்டு வாசலுக்கு நான்கு வீடு முன்னால் ஒரு குடம் வந்தது. பிடித்திருந்த கையைப் பார்த்தேன். எங்கள் அம்மா. யார் வீட்டில் குடம் வாங்கினாளோ தெரியாது. ஊற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

கார் வந்து சேர்ந்தது. சித்தப்பா என்ஜினை நிறுத்தியதும் காதில் ங்ஙொய் என்று ஒரு நிசப்தம். பிறகு ஆட்கள் மொய்த்துவிட்டார்கள். கார்த்திகைக்கு வருவீர்களா, எங்கள் ஊருக்கு வருவீர்களா என்று மூன்று பேர் அங்கேயே கேட்டார்கள். முனியாயி அத்தை வெற்றிலைத் தட்டில் வாடகையை வைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னார். நான் பந்தியில் இருந்ததால் கேட்கவில்லை.

திரும்பும்போது சித்தப்பா காரை விரட்டினார். பொழுது இன்னும் மிச்சம் இருந்தது. அறுபது குதிரையும் அன்றைக்குப் பட்ட பொறுமைக்கெல்லாம் சேர்த்துப் பாய்ந்தன. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். அவரும் கத்தினார். பாதி வழியில் ஆலமரத்தடியில் திடீரென்று நிறுத்தினார்.

"அமராவதி, பின்னால ஒரு கம்பு மூட்டை இருக்கே, அது யாரோடது?"

"எனக்கென்ன தெரியும் சித்தப்பா."

"எட்டு நாள் களையெடுத்தவளுக்குத் தெரியலையா? வாடகைக்கு ஈடா வேலை செஞ்சுச்சாம் இந்தப் புள்ள. என் மகன் போனதை ஊரே பேசுது, இதோட கூலியை நான் வச்சுக்கிட்டா நல்லாயிருக்காதுன்னு முனியாயி அக்கா ஏத்தி விட்டுருச்சு."

நான் ஆலமரத்தில் எத்தனை விழுது இருக்கிறது என்று எண்ணினேன்.

"அந்தக் கார்டும் ஒன்னோடதுதான்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"நீ படிக்கறப்பவே. வாடகை எவ்வளவு, ஏதாவது கொறைப்பீங்களான்னு கேக்காத கல்யாண வீடு எந்த ஊர்ல இருக்கு?"

"தெரிஞ்சும் எதுக்குச் சாயம் அடிச்சீங்க, பலகை அடிச்சீங்க?"

"நீ எழுதிட்டேல்ல. எவனாவது ஒரு மாப்பிள்ளையை இழுத்துக்கிட்டு வந்துருவேன்னு தெரியும்."

நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். காற்றில் கண்ணுக்குள் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

சித்தப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கார் நின்னுக்கிட்டுல்ல இருக்கு ஆத்தா. காத்து எங்கிட்டிருந்து வருது?"